'சீஸ்' (seize) என்ற சொல்லுக்கு உதவி வேண்டும்
வணக்கம். ஒரு தீர்ப்பைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். 'சீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். போலீஸ் வண்டியை சீஸ் செய்தால் பறிமுதல். ஆயில் இல்லாமல் இன்ஜின் சீஸ் ஆனால் இறுகிப்போவது. இதெல்லாம் சரி. ஆனால் 'த கோர்ட் இஸ் சீஸ்டு ஆஃப் த மேட்டர்' என்று வருகிறதே! வழக்கு அந்த நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது என்பதுதான் பொருள். அங்கே பறிப்பு எதுவும் இல்லை.

பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தை ஒருவர் வசம் ஒப்படைப்பதைக் குறித்தது. கொடுப்பவர் அந்த நிலத்திலேயே நின்று ஒரு மண்கட்டியையோ சுள்ளியையோ பெறுபவர் கையில் வைப்பார். கொடுப்பதற்கான சொல் பறிப்பதற்கும் ஆகிவிட்டது. கோர்ட் தொடரில் அந்தப் பழைய பொருளே நிற்கிறது.

'விசாரணையில் உள்ளது' என்றால் பாதிப் பொருள்தான் வருகிறது. 'நீதிமன்றத்தின் வசம் உள்ளது' என்று எழுதலாமா? வக்கீல்கள், மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது புழக்கத்தில் உள்ள தொடரைச் சொல்லுங்களேன்.