இறுகிய மூடியைக் கத்தியால் நெம்பலாமா?

சாணைக்கல்:
நேற்று ஒரு நல்ல கத்தி போய்விட்டது. கண்ணாடி பாட்டிலின் மூடி இறுகிக் கிடந்ததால், என் தம்பி கத்தி முனையை விளிம்பில் விட்டு நெம்பினான். முனை ஒடிந்து தெறித்தது. கண்ணில் படாமல் தப்பித்தான். கத்தி நறுக்கத்தான், கரண்டி கிளறத்தான். ஒன்றை இன்னொன்றின் வேலைக்கு இழுப்பதை 'டிப்ஸ்' என்று பரப்பவே கூடாது.

கைவாகு:
கத்தி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். கூர் நிற்பதற்காகக் கத்தியின் எஃகைக் கடினமாக்கியிருப்பார்கள். அதனால் அது வளையாது, ஒடியும். ஆனால் தம்பி ஒரு தேக்கரண்டியை எடுத்திருந்தால்? அது வளையுமே தவிரத் தெறிக்காது. புதுப் பாட்டில் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வெற்றிடம். 7 செ.மீ. அகல மூடியில் பாதி வெற்றிடம் இருந்தாலே, வெளிக்காற்று சுமார் 20 கிலோ எடை வைத்தது போல அழுத்தும். கரண்டி நுனியை மூடியின் கீழ்விளிம்பில் கொடுத்து லேசாக நெம்புங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று புகுந்துவிட்டது. அப்புறம் சுலபமாகத் திருகலாம்.

சாணைக்கல்:
பாட்டிலின் வாய் உடைந்து சில்லு உள்ளே விழுந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். விளிம்பு நெளிந்த மூடியும் மறுபடி சரியாக மூடாது. வெந்நீரில் காட்டினால் போதுமே?

அடுப்படி:
ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெந்நீரில் காட்டாதீர்கள். அப்படிச் செய்து ஒரு பாட்டில் என் கையிலேயே விரிசல் விட்டது. குளிர் விட்ட பிறகு மூடியில் மட்டும் அரை நிமிடம் வெந்நீர் படட்டும். அலுமினிய மூடி என்றால் கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விரியும். எஃகு மூடி கொஞ்சம்தான் விரியும். நான் முதலில் செய்வது, அகலமான ரப்பர் பேண்டை மூடியைச் சுற்றி மாட்டுவது. பாதி நேரம் கை வழுக்குவதுதான் பிரச்சினை.

சாணைக்கல்:
ரப்பர் பேண்ட் சரி, அதில் எதுவும் கெடாது.

கைவாகு:
அதுவும் மூடி திறக்கச் செய்த பொருள் இல்லையே! கத்தி மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடியில் தீட்டலாம் என்று போன வாரம் இங்கே எழுதியதும் நீங்கள்தான்.

சாணைக்கல்:
எழுதினேன், மறுக்கவில்லை. அடியில் இருக்கும் மெருகில்லாத வளையம் எஃகைவிடக் கடினமானது. சாணைக்கல் செய்வதையே அதுவும் செய்கிறது. 15 முதல் 20 பாகைச் சாய்வில் மெதுவாக இழுத்தால் அவசரத்துக்கு உதவும், கோப்பையும் கெடாது. சரி, நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: பொருளும் கையும் பத்திரம் என்றால் மாற்றி உபயோகிக்கலாம். கண்ணாடியில் கரண்டியை ஊன்றி நெம்புவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

கைவாகு:
பாட்டிலைத் தடித்த துணியால் சுற்றிக்கொண்டு, ஒரே இடத்தில் அழுத்தாமல் மூன்று நான்கு இடங்களில் லேசாகக் கொடுத்துப் பாருங்கள். இதை உங்கள் தம்பிக்குச் சொல்லித்தராவிட்டால், அடுத்த முறையும் அவன் கத்தியைத்தான் எடுப்பான்.