"நடிக்காதே" என்று சொன்ன நாள்: எல்லைநிலை ஆளுமைக் கோளாறுடன் வாழ்பவர்கள், உடன் இருப்பவர்கள் – அனுபவப் பகிர்வு

குகை, சேலம்

என் தங்கைக்கு எல்லைநிலை ஆளுமைக் கோளாறு இருப்பதாகச் சென்ற ஆண்டுதான் மருத்துவர் சொன்னார். உணர்ச்சிகளும் உறவுகளும் தான் யார் என்ற எண்ணமும் நிலைகொள்ளாமல் ஊசலாடும் மனநோய் அது. அது வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று இங்கே எழுதுபவர்களுக்கு விளக்கத் தேவையில்லை என்பதால் நேரே அந்த நாளுக்கு வருகிறேன்.

உடன் வேலை செய்பவரின் புதுமனை புகுவிழாவுக்காக ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். மலைப்பாதையில் போன சிக்னல் விழா வீட்டிலும் கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஏரிக்கரையில் வந்து நின்றபோது 41 தவறிய அழைப்புகளும் மூன்று செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தன. "இனி நீ எனக்கு அக்கா இல்லை" என்பது முதலாவது. "நீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது, போனை எடு" என்பது அடுத்தது. "அங்கே குளிருமே, சால்வை எடுத்துப் போனாயா?" என்பது கடைசி. மூன்றும் ஆறு நிமிடத்துக்குள் எழுதப்பட்டவை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளை அழைத்து, "நடிக்காதே" என்றேன். அவள் அழவில்லை, பதிலும் பேசவில்லை. எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது மட்டும் கேட்டது. மூன்று, நான்கு, ஐந்து என்று அது அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைக்க அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீடு வந்து சேரும்வரை அந்த விசில் என் காதை விட்டுப் போகவில்லை.

செவ்வாய்பேட்டை

சகோதரி, நீங்கள் உங்களையே இவ்வளவு நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மனைவிக்கும் இதே நோய்தான். ஆடிப் பண்டிகைக்கு முன் வேலை நெருக்கடியில் ஒரு மாலை திரும்பவும் பட்டறைக்குக் கிளம்பினேன். "எப்போது வருவீர்கள்?" என்று கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றேன். வாசலில் செருப்பைக் காணவில்லை. அரைமணி நேரம் தேடிய பிறகு, சமையலறை அரிசி டிரம்முக்குள் அந்த ஜோடி அரிசியில் பாதி புதைந்து கிடந்தது.

அன்னத்தில் செருப்பை வைத்ததற்காக நான் போட்ட கூச்சலில் தெருவே வந்து நின்றது. அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, "போகாதீர்கள் என்று சொன்னால் நிற்கமாட்டீர்களே" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் வேண்டுமென்றே நம்மை ஆட்டிவைக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கொண்டலாம்பட்டி

என் மகளுக்கு வயது 22. கோபக்காரி, பிடிவாதக்காரி என்று சொந்தக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகும் என்று என் அண்ணன் அவள் காதுபடவே சொன்னார். அன்று இரவு அவள் கேட்ட கேள்வி இதுதான்: "அம்மா, நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் யாரைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள்?" அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஏற்காடு

செவ்வாய்பேட்டை அண்ணாவுக்குப் பதில் சொல்லவே எழுதுகிறேன். அந்த நோய் எனக்குத்தான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அதோடு வாழ்கிறேன். ஆட்டிவைப்பது என்றால் நிதானமாகத் திட்டம் போடவேண்டும். எதிரில் இருப்பவரின் குரல் சற்று மாறினாலே, இவர் இனி வரமாட்டார் என்று நெஞ்சு முடிவுகட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் திட்டம் போடும் அறிவு எங்கே மிச்சமிருக்கும்? உங்கள் மனைவி செருப்பை ஒளித்துவைத்தது உங்களை அவமானப்படுத்த அல்ல. "பார்க்கலாம்" என்ற உங்கள் சொல்லில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். அது சரியான செயல் என்று நான் சொல்லவில்லை. அதன் பெயர் பயம் என்று சொல்கிறேன்.

எனக்கு மறக்காத ஒரு நாள் உண்டு. என் மருத்துவர் மூன்று வாரம் விடுப்பில் போவதாகச் சொன்னதும், அவரைத் தெய்வமாக நினைத்திருந்த நான் அந்த அறையிலேயே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் திரும்பி வரும் தேதியையும் நேரத்தையும் எழுதி, "கோபமாகவே வாருங்கள், ஆனால் வாருங்கள்" என்று கொடுத்தார். அந்தச் சீட்டைக் கைப்பேசி உறைக்குள் வைத்து ஒரு நாளைக்குப் பத்து முறை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதியில் அவர் வந்திருந்தார்.

இந்த நோய்க்கான டி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன், தாமும் இளவயதில் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த அன்றுதான் எனக்கும் ஒரு வயதான காலம் இருக்கும் என்று தோன்றியது.

அஸ்தம்பட்டி

நான் ஓய்வுபெற்ற செவிலியர். மனநலப் பிரிவில் ஒரு பெண் என் கையைக் கடித்துவிட்டு, மறுகணமே தன் துப்பட்டாவால் அந்த இடத்தைத் துடைத்து ஊதிவிட்டாள். என் அனுபவம் அவ்வளவுதான். யாரும் கேட்காவிட்டாலும் மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொண்டலாம்பட்டி அம்மா, கல்யாணம் இதற்கு மருந்தல்ல. தயவுசெய்து அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் மகள் கேட்டது புத்தி கெட்ட கேள்வியும் அல்ல. தான் யார் என்பது நிலைகொள்ளாமல் தவிப்பது இந்த நோயின் ஒன்பது அடையாளங்களில் ஒன்று. கைவிடப்படுவோம் என்ற அச்சம், ஒருவரை உச்சியில் வைத்து மறுநாளே வெறுப்பது, தீராத வெறுமை, அடக்கமுடியாத கோபம், தற்காயம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. குறைந்தது ஐந்து அடையாளங்கள் பொருந்தி, அதுவும் நெடுநாளாக இருந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரைச் சொல்வார். ஆகவே கோபக்காரப் பெண்களுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டிவிடவும் கூடாது.

மாத்திரை கொடுத்தும் சரியாகவில்லை என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போகும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது. உடனிருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தரலாம். ஆனால் சிகிச்சையின் மையம் பேச்சுச் சிகிச்சைதான். பிரிட்டனின் 2009 மருத்துவ வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. டி.பி.டி.யில் கவனத்தை நிகழ்கணத்தில் நிறுத்துவது, துன்பத்தைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்கவும் மறுக்கவும் பழகுவது என நான்கு திறன்களைக் கற்றுத்தருவார்கள். உடனே பலன் தெரியாது, மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அமெரிக்காவில் 290 நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. வாழ்நாள் சாபம் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சாகப்போகிறேன் என்ற பேச்சை மிரட்டல் என்று ஒருபோதும் ஒதுக்காதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அது தூண்டப்படாது. தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 108ஐ அழையுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து காயத்தை மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை.

செவ்வாய்பேட்டை தம்பி, உங்கள் களைப்பு நியாயமானது. வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு வாருங்கள்.

செவ்வாய்பேட்டை

ஏற்காட்டுச் சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். "ஆட்டிவைக்கிறார்கள்" என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். நேற்று ஒன்பதரை என்று சொல்லி ஒன்பது நாற்பதுக்குப் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பத்து நிமிடத்துக்காகச் சண்டை போட்டாள், பிறகு சோறு போட்டாள்.

குகை, சேலம்

எல்லோருக்கும் நன்றி. இப்போது வாரம் ஒருமுறை தங்கையோடு டவுன் பஸ்ஸில் சிகிச்சைக்குப் போய், அவள் உள்ளே இருக்கும்வரை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். "நடிக்காதே" என்று சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை இன்னும் மன்னிக்கவில்லை, அடுத்த வாரமும் வருவாய் அல்லவா?" என்று கேட்டாள். வருவேன் என்று கிழமையையும் நேரத்தையும் சொன்னேன்.