புதுப்பிப்பு: மூணாவது கியர் போட்டா அஞ்சாவது விழுந்தது – சரியாயிடுச்சு

ரேசிங் கேம்ல இந்தத் தொல்லை தாங்காம, கேமுக்கு மாட்டுற கியர் லீவரை வித்துட்டு, ஸ்டீயரிங் பின்னாடி விரலால இழுத்து கியர் மாத்துற பேடில் ஷிஃப்டருக்கே போயிடலாமான்னு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பலிச்சது, பொட்டன்ஷியோமீட்டர்ல கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் பண்ற ஸ்ப்ரே) அடிக்கச் சொன்ன யோசனை. லீவர் பக்கவாட்டுல எவ்வளவு சாயுதுன்னு அளக்குறது அதுதான். திருகைக் கழட்டினா உள்ளே பழுப்புத் தூசி. மன்னார்குடிப் பக்கம் அறுப்பு மெஷின் ஓடுற நேரம் வேற! அடிச்சு, லீவரை நாலா பக்கமும் ஆட்டி, நல்லா காயவிட்டு மாட்டினேன். டிரைவர் சாஃப்ட்வேரை மறுபடி ஏத்தினதுல ஒண்ணும் மாறல.

எதிர்பாராதது ஒண்ணு: கேமே கிளட்சைப் பார்த்துக்குற ஆட்டோ கிளட்ச் வசதியை அணைச்சா, பழைய கார்கள்ல கிளட்சை முழுசா மிதிக்காம கியர் விழாது. அது கோளாறில்ல.

ஃபார்முலா கார்களுக்கு மட்டும் பேடில்தான். ஃபார்முலா ஒன்ல அதை 1989-ல ஃபெராரி 640 கார் ஆரம்பிச்சு வச்சது.