நண்பர்கள் வழியாக எச்ஐவி உள்ளவர்களைத் தேடுவது சரியா?

வைகைக்கரையான்:
அமெரிக்காவில் 2003–2005ல் அங்கத்திய அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி ஒன்றைச் செய்துபார்த்தது. எச்ஐவி உள்ளவர்கள், தொற்று அபாயம் அதிகம் உள்ளவர்கள் என 422 பேர் தங்களுக்குத் தெரிந்தவர்களைப் பேசிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த 3,172 பேரில் 177 பேருக்கு எச்ஐவி. நூற்றுக்கு ஐந்தரைக்கு மேல். வழக்கமான மையங்களில் நூற்றுக்கு ஒன்றுதான். எச்ஐவி சோதனையும் ஆலோசனையும் தரும் நம் நம்பிக்கை மையங்களிலும் இதைச் செய்தால் என்ன?

மல்லி:
என் சித்தப்பா பதினோரு வருடமாக எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறார். உள்ளூரில் மையம் இருந்தும் இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்துக்குப் போவார். திரும்பும்போது டப்பா லேபிளை நகத்தால் சுரண்டிவிடுவார். அவரிடம் போய் "சிநேகிதர்களைக் கூட்டிட்டு வாங்க" என்பீர்களா?

வைகைக்கரையான்:
தன் நிலையை அவர் சொல்லவே வேண்டாமே. "நான் போய்ப் பார்த்தேன், நீயும் ஒரு தடவை பாரு." அவ்வளவுதான்.

மல்லி:
"நீ எதுக்குப் போன?" என்பதுதான் அடுத்த கேள்வி. டீக்கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய ஆலோசகர்:
நம்பிக்கை மையத்தில் வேலை பார்த்தவன் நான். எச்ஐவி உள்ளவரின் கணவனையோ மனைவியையோ சோதிப்பது ஏற்கெனவே நடக்கிறது. நம் நாட்டின் 2017 எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லவும் கூடாது. (துணையிடம் சொல்ல மட்டும் நிபந்தனைகளோடு வழி உண்டு.) வைகை கேட்பது அதைத் தாண்டிய வட்டம். அதற்கும் தேவை இருக்கிறது. 2015ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டியில் போதை ஊசி வழியாக எச்ஐவி பரவியபோது, யாரோடு படுத்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. யாரோடு ஊசி போட்டாய், கூடச் சுற்றுகிறவர்கள் யார் என்றும் கேட்டார்கள். ஆனால் ஒரே ஊசியைப் பலர் போடாமல் இருக்கப் புது ஊசி கொடுக்கவே அங்கே அப்போது சட்டத்தில் இடமில்லை. மார்ச்சில் ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்த பிறகுதான் வழி பிறந்தது. போலீசுக்குப் பயந்து கிடக்கிறவன் யார் பெயரைச் சொல்வான்?

மல்லி:
நேற்று சித்தப்பாவிடமே கேட்டேன். கூட லாரி ஓட்டிய ஒருவரை அவரே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாராம். எங்களுக்கே தெரியாது.

வைகைக்கரையான்:
பார்த்தீர்களா! நான் சொன்னதும் அதைத்தானே?

மல்லி:
அவராக மனசு வந்து செய்தது சார். ஆலோசகர் அண்ணா, மாதம் இத்தனை பேர் என்று டார்கெட் போட்டால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?

பழைய ஆலோசகர்:
வருகிறவர்களிடம் கெஞ்சுவோம். முடியாதபோது கொஞ்சம் மிரட்டவும் செய்வோம். எனக்கும் அங்கேதான் உறுத்துகிறது.