சென்னையிலேயே முழு ஜப்பானியச் சூழலில் பயிற்சி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நடு நிலையான என்3 பாஸ் செய்தாயிற்று. ஆனால் அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தை நிரப்பினால் போதும். விளைவு? போனில் அந்தப் பக்கத்து ஆள் 'இத்சுமோ ஒசெவா நி நத்தே ஒரிமாஸ்' (உங்கள் ஆதரவுக்கு எப்போதும் நன்றி என்பது போன்ற அலுவலக வணக்கம்) என்று ஆரம்பித்தால் அதே வரியைத் திருப்பிச் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

வீட்டில் கைக்குழந்தை. ஜப்பான் போய்த் தங்குவது இப்போதைக்கு நடக்காது.

அமெரிக்காவில் மிடில்பரி கல்லூரியின் கோடைப் பள்ளி 1915-இலிருந்து நடக்கிறது. படிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்துத்தான் சேர வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். அந்த மாதிரி ஏதாவது சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறதா? வாரக்கடைசி முகாம் என்றாலும் சரி.

அப்புறம், மேலதிகாரிகளிடம் பேசும் மரியாதை நடை, விசிட்டிங் கார்டை இரு கையால் வாங்கி மேசையில் எங்கே வைப்பது, கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது, இதையெல்லாம் நடித்துக் காட்டிப் பழக்குபவர்கள் வேண்டும். இலக்கண வகுப்பு வேண்டாம், அது போதும் போதும் என்றாகிவிட்டது.

தமிழ் கற்க விரும்பும் ஜப்பானியர் யாராவது தெரிந்தால் இன்னும் நல்லது. அவருக்கு நான் தமிழ் சொல்லித் தருகிறேன். கட்டண விவரத்தோடு கமெண்டில் சொல்லுங்கள்.