திறந்த கூரை மஸ்டாங்: சோதனை ஓட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சுங்கை சிப்புட் வாசி:

அன்பர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை ஈப்போவில் ஒரு ரீகண்ட் (வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பழைய கார்) விற்பனையாளரிடம் ஃபோர்ட் மஸ்டாங் கன்வர்ட்டிபிள் ஒன்றை ஓட்டிப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். 2018-க்குப் பிந்தைய மாதிரி, 5.0 லிட்டர் வி8 எஞ்சின், 10 வேக ஆட்டோமேட்டிக் கியர். முதலில் என் ஆசை செவ்ரோலே கமாரோ மீதுதான் இருந்தது. ஆனால் அதை இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே தயாரித்தார்கள். டாட்ஜ் சேலஞ்சரின் அண்மைத் தலைமுறையோ ஆலையிலிருந்து திறந்த கூரையோடு வரவேயில்லை. ஆகவே, நம் மலேசியாவில் பதிந்து ஓட்டக்கூடிய அமெரிக்கத் திறந்த கார் என்று தேடியவன், 2015-ஆம் ஆண்டு மாதிரித் தலைமுறையிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங்கோடும் வரும் மஸ்டாங்கில் வந்து நிற்கிறேன்.

என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு பழக்குலை லோரி ஓட்டினார். அவருக்கு இப்போது 74 வயது. அவரை ஒரு முறையேனும் திறந்த காரில் முன்னிருக்கையில் உட்கார வைத்து, அவர் நாற்பது ஆண்டுகள் ஓட்டிய தோட்டத்துச் சாலையிலேயே அழைத்துப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடன் வாங்கவும் நான் விரும்பவில்லை. விற்பனையாளர் அரை மணி நேரம் தருவதாகச் சொல்கிறார். அந்த நேரத்தில் எதைக் கவனிப்பது, எங்கே ஓட்டுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தைப்பிங்காரர்:

தம்பி, ஐந்து ஆண்டுகளாக 2.3 லிட்டர் மஸ்டாங் கன்வர்ட்டிபிள் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அரை மணி நேரம் போதாது. பெட்ரோல் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கேளுங்கள். பலர் இந்தக் காரை நெடுஞ்சாலையிலுள்ள மெனோரா சுரங்கப்பாதைக்குக் கொண்டுபோய், எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கேட்டு மயங்கித் திரும்பி வருகிறார்கள். சத்தம் அருமையாகத்தான் இருக்கும், ஆனால் காரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நெடுஞ்சாலையில் எல்லாக் காரும் நல்ல கார்தான். உங்கள் வீட்டு வாசல்வரை ஓட்டிப் பாருங்கள்.

அங்கே முதலில் கவனிக்க வேண்டியது உடற்கூட்டின் நடுக்கம். கூரை என்பது காரின் நான்கு மூலைகளையும் இறுக்கிப் பிடிக்கும் மூடி. அதை எடுத்துவிட்டால் எவ்வளவு இரும்பை அடியில் கூட்டினாலும் கொஞ்சம் முறுக்கம் இருந்தே தீரும். கூட்டிய இரும்பால் காரின் எடையும் ஏறும். குழிகள் நிறைந்த சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உட்புறப் பின்நோக்குக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் தெரியும் உருவம் கலங்குகிறதா, கலங்கினால் எத்தனை விரைவில் அடங்குகிறது என்பதைக் கூரையைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை என்று ஒப்பிட வேண்டும். 2015-க்கு முந்தைய மஸ்டாங்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஒரே அச்சுதான். இந்தத் தலைமுறையில் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்குவதால், வேகத் தடைகளைக் கடக்கும்போது இடுப்பு தப்பிக்கிறது.

நேரத்தையும் யோசியுங்கள். காலை எட்டு மணிக்குத் திறந்த கார் சொர்க்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு இருக்கை சுடும், தலை வேகும். நான்கு மணிக்கு மழை வரும். எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காரில் கூரையை மூட, வண்டியை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, நடுவிலுள்ள கைப்பிடியைத் திருகிப் பூட்ட வேண்டும். கூரை மூடச் சில விநாடிகள்தான் ஆகும் என்றாலும், லோரிகள் வரிசையாக வரும் ஒற்றைச் சாலையில் நிறுத்த இடம் தேடுவதற்குள் நனைந்துவிடுவோம். வானம் கறுத்ததுமே மூடிவிடுவது என் பழக்கமாகிவிட்டது.

பட்டறைக்காரர்:

ஐயா, ஓட்டுவதற்கு முன் சில வார்த்தைகள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் முதல் முறை கிளப்பும்போதும், அடுத்த சில நிமிடங்களில் கீழ்க் கியர்கள் மாறும்போதும்தான் உண்மை தெரியும். பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டே போய், ஒன்றிலிருந்து ஐந்துவரை கியர் இடறாமல் மாறுகிறதா என்று பாருங்கள். கூரைத் துணியின் மடிப்புகளில் தேய்மானம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; பின்னிருக்கைக் கம்பளத்தின் அடியில் கைவிட்டு ஈரமோ பூஞ்சை வாடையோ இருக்கிறதா என்றும் சோதியுங்கள். பல மஸ்டாங்குகளில் உபரிச் சக்கரம் கிடையாது, பஞ்சர் அடைக்கும் கருவி மட்டுமே வரும். தோட்டத்துச் சாலையில் இது சிறிய விஷயமல்ல.

காருக்கு இன்னும் எண் பதியப்படவில்லை என்றால், வணிகருக்குரிய தற்காலிக எண் பலகை (டிரேட் பிளேட்) மாட்டியிருக்கிறதா, காப்புறுதி உங்களுக்கும் பொருந்துமா என்று எழுத்து மூலமாகக் கேட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

கோலகங்சார் வாசகி:

அண்ணா, அப்பாவுக்காக நீங்கள் எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆயினும் இரண்டு கணக்குகளைப் பார்த்துவிடுங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி 3,000 சி.சி.க்கு மேல் போனால் அடிப்படை 2,130 ரிங்கிட். அதற்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4.50 ரிங்கிட். 5,000 சி.சி. என்றால் ஆண்டுக்கு 11,130 ரிங்கிட். 2.3 லிட்டர் எஞ்சினுக்கு அது 700 ரிங்கிட்டைத் தாண்டாது. வாரத்தில் ஒரு நாள் ஓட்டும் காருக்கு இந்த வேறுபாடு நியாயமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, பாதுகாப்பு. 2017-இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் மஸ்டாங்குக்கு முதலில் 2 நட்சத்திரங்களே கிடைத்தன. முன் காற்றுப்பைகள் போதிய அளவு விரியாததும், விபத்தின்போது பின்னிருக்கை வார்களை இறுக்கும் அமைப்பு இல்லாததும் காரணங்களில் அடங்கும். திருத்தங்களுக்குப் பிறகு 3 கிடைத்தது. ஆகவே 2018-க்குப் பிந்தைய காரையே தேடுவது சரி. ஆனாலும் பின்னிருக்கையில் பிள்ளைகளை ஏற்ற நான் தயங்குவேன்.

சுங்கை சிப்புட் வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறன்று ஓட்டிவிட்டு வந்தேன், அப்பாவும் உடன் வந்தார். விற்பனையாளர் ஒன்றரை மணி நேரத்துக்கு இசைந்தார். எஞ்சினும் குளிர்ந்தே இருந்தது. கிளப்பியபோது எழுந்த முழக்கம் ஒரு நிமிடத்தில் தணிந்து, தாழ்ந்த உறுமலாக நிலைத்தது. கியர் மாற்றம் குறை சொல்லும்படி இல்லை. செமோர் வழியாகக் கூட்டரசுச் சாலையில் சுங்கை சிப்புட்டுக்குக் கூரையைத் திறந்தே வந்தோம். வலப்பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், தலைக்கு மேலே வெறும் வானம், காலை வெயில் இன்னும் சுடாத நேரம். என் வாழ்நாளில் அந்தச் சாலை இத்தனை அழகாக எனக்குத் தெரிந்ததில்லை. ஆற்றல் எவ்வளவு என்பதை முழுதாக அறிய அந்தச் சாலையில் இடமே இல்லை. முன்னே சென்ற ஒரு லோரியை முந்தும்போது பாதி பெடல்கூட மிதிக்கவில்லை; அதற்குள் வேக வரம்பைத் தொட்டுவிட்டோம்.

பிறகு தோட்டத்துச் சாலையில் திரும்பினேன். பின்நோக்குக் கண்ணாடி நடுங்கியது. கூரையை மூடியபோது அது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அப்பா, "சேசி முறுக்குதுப்பா, பாரம் ஏத்தாத லோரி மாதிரி" என்றார். அவர் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை, உட்கார்ந்த இடத்திலேயே அறிந்துகொண்டார். நீண்ட முன்பகுதி எங்கே முடிகிறது என்று தெரியாமல் நான் வேகத் தடைகளில் தடுமாறியபோதும், "சாய்வா ஏறு" என்று அவர்தான் வழிகாட்டினார். பழைய பால் கொட்டகை இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கதவின்மேல் முழங்கையை ஊன்றியிருந்தார், லோரி ஓட்டிய நாள்களில் உட்கார்ந்ததைப் போலவே.

இறங்குவதுதான் சிரமமாக இருந்தது. இருக்கை தாழ்வானது, கதவு நீளமானது. நான் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. இருக்கையை மின்விசையால் முழுதாக உயர்த்திய பிறகு இரண்டாம் முறை அவரே எழுந்தார்.

5.0 லிட்டரை விட்டுவிட்டேன். எங்கள் சாலையில் அந்த வி8 எஞ்சினின் பாதி ஆற்றலைக்கூடப் பயன்படுத்த முடியாது என்பதைப் பார்த்த பிறகு, ஆண்டுதோறும் அந்த வரியைக் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே விற்பனையாளரிடம் 2.3 லிட்டர் கன்வர்ட்டிபிள் ஒன்றும் வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு, வெயிலும் மழையும் எப்படியிருந்தாலும், அதே வழியில் ஓட்டிப் பார்க்கப் பேசி வைத்திருக்கிறேன். தலையில் கட்டிக்கொள்ள அப்பா வெள்ளைத் துண்டு ஒன்றை இன்றே துவைத்துக் காயப் போட்டிருக்கிறார்.