படம் ஓடும்போது பேசுகிறவர்கள்: பழைய உளவுப் படங்களை மறுபடி பார்த்தபோது நடந்தது

பார்வதிபுரம் மருமகன்:

கோல்ட்ஃபிங்கர் என்ற ஜேம்ஸ் பாண்டு படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. ஃபோர்ட் நாக்ஸ் என்ற அமெரிக்கத் தங்கக் கிடங்கின் பெட்டக அறை, குண்டோடு பிணைத்த கைவிலங்கு, இறங்கிக்கொண்டே வரும் எண்கள். 007 என்று நிற்கும். அந்த இடத்தில்தான் என் மாமாவின் வாயை நான் அடைத்தேன்.

மாமா நாகர்கோவிலில் ஒரு திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் குச்சியை எரித்துப் படம் காட்டிய காலம். அந்த வேலையை விட்ட பிறகும் அவர் எந்தப் படத்தையும் நிமிடக் கணக்கில் சொல்லமாட்டார். 1000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். ஆகவே, "நாலாவது ரீலில் தொப்பியை வீசிச் சிலையின் தலையைக் கொய்வான், பார்" என்பார். திரையின் வலப்பக்க மேல்மூலையில் புள்ளி விழுந்தால் அடுத்த புரொஜெக்டரை ஓட்ட வேண்டும் அல்லவா? புள்ளியைத் துடைத்துச் சுத்தம் செய்த புதிய பிரதியிலும், அந்த இடம் வந்தால் அவர் கை தானாக உயரும்.

2022 கிறிஸ்துமஸ் விடுமுறை. என் மனைவி வீட்டார் வந்திருந்தார்கள். முதல் ரீலிலிருந்தே மாமா பேசிக்கொண்டு வந்தார். வில்லனின் உதடும் பேச்சும் ஒட்டவில்லை என்றார். அந்தக் காலத்தில் புரொஜெக்டரில் படச்சுருளுக்குத் தான் விட்ட தளர்வான வளைவு, அதாவது லூப்தான் தவறு என்று நினைத்து இரண்டு முறை அவிழ்த்து மாட்டினாராம். கடைசியில் கடிகாரம் வந்தது. "இன்னும் மூன்று துடிப்பு என்று பாண்டு சொல்வான். ஆனால் எண் ஏழில் நிற்கிறது. யாரோ தப்பு செய்திருக்கிறான்" என்றார். நான் எல்லோர் முன்னாலும், "மாமா, உங்களுக்கு ஆங்கிலம் எங்கே தெரியும்? கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். மச்சினன் சிரித்தான். மாமாவும் சிரித்தார்.

பிறகு தனியாக உட்கார்ந்து வசன எழுத்தோடு பார்த்தேன். மூன்று துடிப்பு என்றுதான் சொல்கிறான். முதலில் 003-இல் நிறுத்துவதாகத்தான் திட்டமாம். பின்னால் 007 என்று மாற்றியவர்கள் வசனத்தை மாற்றவில்லை. வில்லனாக நடித்த கெர்ட் ஃப்ரோபே ஜெர்மானியர். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராததால் மைக்கேல் காலின்ஸ் என்பவர் குரல் கொடுத்திருக்கிறார். உதடு ஒட்டாததற்கு லூப் காரணமே இல்லை.

போய்ச் சொன்னேன். "ஆகட்டும் மருமகனே" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எத்தனையோ படம் பார்த்துவிட்டோம். ஒரு சொல் பேசுவதில்லை. கையும் உயர்வதில்லை.

கடியப்பட்டணத்தான்:

உங்கள் மாமா வசனத்தில் பிழை பிடித்தார். என் சித்தப்பா கடலிலேயே பிழை பிடிப்பார். பாறையில் முங்கிச் சிப்பி எடுப்பவர். ஒரு முகக்கண்ணாடி, ஒரு இரும்பு, இடுப்பில் வலைப்பை, அவ்வளவுதான்.

தண்டர்பால் (1965) போட்டேன். பாண்டு விரல் நீளக் குழாய் ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு நீருக்கடியில் மூச்சு விடுவானே, அதைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். "அதில் காற்று எங்கே இருக்கிறது?" நிறுத்து என்றார், மறுபடி ஓட்டு என்றார். பிறகு தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து மூச்சடக்க ஆரம்பித்தார். என் மகள் விரல் விட்டு எண்ணினாள். முப்பது, நாற்பது, ஐம்பது. திரையில் காட்சி மாறிவிட்டது, சண்டை போய் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவர் மட்டும் மூச்சை விடவில்லை. முகம் கறுத்தது. மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டு அழுதாள். அப்போதுதான் விட்டார். "நான் சும்மா உட்கார்ந்து அடக்குகிறேன், அவன் சண்டை போட்டுக்கொண்டே அடக்குகிறான். செத்திருப்பான்" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கருவி படத்துக்காகச் செய்த பொம்மை. இந்தப் படங்களில் எல்லாமே பொய்தான். ஆனால் மகள் இப்போதும் அவரைக் கண்டால் முதலில் மூக்கைத்தான் பார்க்கிறாள்.

பூதப்பாண்டிப் பேத்தி:

உளவுப் படம் என்றால் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் மட்டும்தானா? 1954-இல் வந்த அந்த நாள் உங்கள் கணக்கில் இல்லையா? எஸ். பாலசந்தர் இயக்கியது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-இல் நடக்கும் கதை. பாட்டே கிடையாது. ரேடியோ பொறியாளராக வரும் சிவாஜி படம் தொடங்கியவுடனே சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார், ஏன் என்பதுதான் முழுப் படமும்.

என் தங்கையின் மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். சாப்பாடு முடிந்தது, வெளியே மழை, தொலைக்காட்சியில் இந்தப் படம். மாப்பிள்ளை பார்த்ததில்லையாம், ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சிவாஜி விழுந்த சத்தம் கேட்டதும், "சுட்டது இன்னார்தான்" என்று பெயரைச் சொல்லிவிட்டு இடிப்பதைத் தொடர்ந்தார்.

மாப்பிள்ளை மெல்லத் திரும்பி என் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தங்கை ஆச்சியைப் பார்த்தாள். ஆச்சி உரலைப் பார்த்தார். மீதி இரண்டு மணி நேரமும் மாப்பிள்ளை எழாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "ஆச்சி சொன்னது சரிதான்" என்றார் மரியாதையாக. கோபத்தில் சொன்னாரா பாராட்டிச் சொன்னாரா என்று எனக்கும் தங்கைக்கும் ஆறு வருடமாக வழக்கு நடக்கிறது.

சுட்டவர் யார் என்று இங்கே எழுதமாட்டேன். சிலர் பார்த்திருக்கமாட்டார்கள்.

குழித்துறைக்காரன்:

எழுபது வருடத்துக்கு முந்தைய படத்துக்கு ரகசியக் காப்பா? ஆச்சி செய்ததில் தவறே இல்லை.

கடியப்பட்டணத்தாருக்கு ஒன்று. எல்லாமே பொய் என்று ஒரே போடாகப் போடாதீர்கள். 1973-இல் வந்த லிவ் அண்ட் லெட் டை என்ற பாண்டு படத்தில் முதலைகளின் முதுகில் மிதித்து ஓடும் காட்சி நிஜம். ஓடியவர் ராஸ் கனாங்கா, ஜமைக்காவில் முதலைப் பண்ணை வைத்திருந்தவர். ஐந்தாவது முயற்சியில்தான் கரை சேர்ந்தார். அதற்கு முன் ஒரு முறை முதலை அவர் காலணியைக் கவ்வியது. வில்லனுக்கே அவர் பெயரை வைத்தார்கள். உங்கள் தண்டர்பாலிலும் சுறா நிஜம். பாண்டாக நடித்த ஷான் கானரிக்கும் சுறாவுக்கும் நடுவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தடுப்பு வைத்தார்கள். அது முழுமையாக மறைக்கவில்லை, ஒரு சுறா இடுக்கு வழியாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்த முகத்தில் தெரியும் பயம் நடிப்பே இல்லை.

என் அனுபவம் சிறியது. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம் என்பதால் வீட்டில் மலையாளப் படமும் உண்டு. என் பாட்டா (தாத்தா), சி.ஐ.டி. நசீர் (1971) படம் பார்க்கும்போது, பிரேம் நசீர் மாறுவேடத்தில் வந்தால் திரையைப் பார்த்து, "மக்களே, உன்னை எனக்குத் தெரியாதா?" என்று கேட்பார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பியபோது என்னைப் பார்த்தும் அதையே கேட்டார். அதே சிரிப்போடு. தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வடசேரி மூன்று சக்கரம்:

எல்லோரும் பேசுகிறவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பேசுகிற ஆள். பேருந்து நிலையத்துக்கு அருகில் டீக்கடைத் தொலைக்காட்சியில் ஆக்டோபஸ்ஸி ஓடியது. 1983 படம், உதய்ப்பூரில் எடுத்தது. பாண்டாக வரும் ரோஜர் மூரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது நம் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். துரத்தி வருகிறவர்களை டென்னிஸ் மட்டையால் அடிப்பார், கூட்டம் பந்து பார்ப்பதுபோல் தலையை இங்கும் அங்கும் திருப்பும்.

இருபத்திரண்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன், வாயை எப்படி மூடுவது? "கூட்டமான தெருவில் இந்த வேகத்தில் ஒடித்தால் கவிழாமல் என்ன செய்யும்? பிரேக்கை மிதி அண்ணே!" என்றேன். பாண்டு கற்றை கற்றையாக ரூபாயை வாரித் தெருவில் இறைத்தான். "எல்லாம் சரி, ஆட்டோ கூலியைக் கொடுத்தானா பார்த்தீர்களா?" என்றேன். கடையே சிரித்தது. வடை போடுகிறவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் மகிழ்ச்சியாக வண்டிக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து என் மகன் கைபேசியைக் காட்டினான். யாரோ ஒரு பையன் என்னைப் பின்னாலிருந்து படம் பிடித்து, கழுதை கத்துகிற ஓசை சேர்த்துப் போட்டிருக்கிறான். என் தலையின் வழுக்கையும் ஆட்டுகிற கையும் மட்டும் தெரிகிறது. மகன், "அப்பா, இது நீங்கள்தானே?" என்றுகூடக் கேட்கவில்லை. காட்டிவிட்டுப் போய்விட்டான். இப்போது அதே கடையில் டீ குடிக்கிறேன், ஆனால் முகம் சாலையைப் பார்த்து இருக்கும்.

பார்வதிபுரம் தம்பி, உங்கள் மச்சினன் சிரித்ததும் அந்தப் பையன் சேர்த்த கழுதையும் ஒன்றுதான். கோபிக்க வேண்டாம்.

கருங்கல் ஓய்வாசிரியர்:

என் அனுபவம்: ரகசிய போலீஸ் 115 (1968) பார்க்கையில் அண்டை வீட்டு நண்பர் பேசிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை, செருப்பும் இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் இங்கே பிரச்சினை பேச்சில் இல்லை, படம் காட்டும் முறையில் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. முதலில் வசன எழுத்து. மாமாவுக்கு அன்றே தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ எழுத்து ஓடவிட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. எழுத்து பேச்சுக்கு முந்தியோ பிந்தியோ வந்தால் கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. செயலியில் ஜி, எச் என்ற இரண்டு விசைகள் இருக்கின்றன, ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். ஒலியே பிந்தினால் ஜே, கே விசைகள். இரண்டாவது, அந்த நாள் போன்ற பழைய படங்கள் ஏறத்தாழச் சதுரமானவை. அவற்றைத் தொலைக்காட்சியின் அகலத்துக்கு இழுத்தால் பண்டரிபாய் பூசணிக்காய் ஆகிவிடுவார். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும், பல வீடுகளில் இதைக் குறை என்று நினைத்து ரிமோட்டை அமுக்குகிறார்கள். மூன்றாவது, பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடம். செயற்கையான சூழொலியை அணைத்துவிடுங்கள், பேச்சு தெளியும். நான்காவது, முதியவர்களை மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைக்காதீர்கள். விசிறிச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்காது, கேட்காததால்தான் பேசுகிறார்கள். ஐந்தாவது, இடைவேளை விடுங்கள். ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை இல்லை என்பது வீண் பிடிவாதம். ஏத்தங்காய்ச் சிப்ஸும் கட்டன் காப்பியும் கொடுத்தால் பேசுகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவார்கள்.

ஆட்டோ ஓட்டும் நண்பர் மனம் தளர வேண்டாம். கைபேசிக்காரப் பையனுக்கு மட்டையடி தேவை.

பூதப்பாண்டிப் பேத்தி:

ஐயா, நண்பர் ஏன் எழுந்து போனார் என்று கேட்டீர்களா?

கருங்கல் ஓய்வாசிரியர்:

கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

கடியப்பட்டணத்தான்:

குழித்துறைக்காரருக்கு: முதலை நிஜம், சுறா நிஜம், ஒப்புக்கொள்கிறேன். குழாய் பொய். சித்தப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "முதலை மேல் ஓடியவனுக்கு மூச்சடக்கத் தெரியுமா?" என்கிறார்.

பார்வதிபுரம் மருமகன்:

வடசேரி அண்ணன் சொன்னதற்குக் கோபம் இல்லை. மூன்று முறை வாசித்தேன்.

இந்த ஞாயிறு மாமாவை அழைத்து டாக்டர் நோ (1962) போட்டேன். விசிறியை அணைத்தேன், வசன எழுத்து ஓடவிட்டேன், இடைவேளையும் விட்டேன். கருங்கல் ஐயா சொன்னதில் எதையும் விடவில்லை. மாமா பேசவில்லை. சிப்ஸ் மட்டும் காலியானது. படத்தில் பாண்டு ஹோட்டல் அறையை விட்டுப் போகும்முன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, எச்சில் தொட்டு அலமாரிக் கதவுகளின் நடுவில் ஒட்டிவைப்பானே, யாராவது திறந்தால் தெரியட்டும் என்று? அந்த இடத்தில் மட்டும் மாமா தன் தலையைத் தடவிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

அவரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து சட்டையை மாட்டப் போனேன். அலமாரியின் இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. கொடியில் கிடக்கிற சட்டைகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மனைவி திட்டுகிறாள்.